புகை வராத காலை

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 18ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 12:13-21)



இந்தச் செய்தி உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம். "இத்தாலியில் ஒரு யூரோவுக்கு வீடு! உடனே விண்ணப்பியுங்கள்!" என் தங்கை மகன் அதை எனக்கு அனுப்பி, "மாமா, நீங்கள் அங்கே இருந்தவர்தானே, இது உண்மையா?" என்று கேட்டான்.

உண்மைதான் என்றேன். சிசிலித் தீவில் சம்புகா என்றொரு சிறிய ஊர். 2019ஆம் ஆண்டு அந்த ஊர் நிர்வாகம், ஆளில்லாமல் பாழடைந்து கிடந்த வீடுகளை ஒரு யூரோ ஆரம்ப விலைக்கு ஏலம் விட்டது. இத்தாலியில் வேறு பல ஊர்களும் இதைச் செய்திருக்கின்றன. ஆனால் சம்புகாவில் அப்போது வீடு வாங்கியவர் 5,000 யூரோ பிணைத்தொகை கட்ட வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் வீட்டைப் பழுதுபார்த்து முடிக்க வேண்டியிருந்தது. முடிக்காவிட்டால் அந்தத் தொகை போய்விடும் என்பது நிபந்தனை. கூரை, சுவர், தண்ணீர்க் குழாய், மின்சாரம் என்று பார்த்தால் பல ஆயிரம் யூரோ ஆகும். "வீடு ஒரு யூரோதான் தம்பி, அதைக் குடியிருக்கத் தக்கதாக்குவதற்குத்தான் பணம்" என்று சொன்னேன்.

அவன் விடவில்லை. "சரி மாமா, இவ்வளவு அழகான ஊரைவிட்டு ஆட்கள் ஏன் போனார்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லப்போய், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கதையை அவனுக்குச் சொன்னேன். இன்றைய நற்செய்தியை வாசித்தபோது அதே வீடுதான் மறுபடியும் என் நினைவுக்கு வந்தது. அதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

இத்தாலியின் நடுவில் இருக்கிறது உம்பிரியா. அசிசி நகர் புனித பிரான்சிஸ் பிறந்த மாநிலம் அது. அங்கே ஒரு மலைக் கிராமத்தில் நான் சில ஆண்டுகள் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். கிராமம் ஒரு குன்றின்மேல். எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால், இன்னொரு சரிவில், தனியாக ஒரு கல் வீடு. இரண்டு அடுக்கு. கீழே மாட்டுத் தொழுவம், மேலே குடும்பம், வெளிப்பக்கமாக ஏறிச் செல்லும் கற்படிகள். முன்னால் கதிரடிக்கும் களம். அந்தப் பகுதியில் உழவர் வீடுகள் எல்லாம் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

அந்த வீடு யாருடையது? அதில் வாழ்ந்தவர்களுடையது அல்ல, நேயர்களே. அவர்கள் வாரத்துக்கு உழுதவர்கள். நிலமும் வீடும் பண்ணையாருடையவை. விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி உழுதவருக்கு. நம் ஊர் வாரக் குத்தகையைப் போலத்தான். நூற்றாண்டுகளாக நடந்துவந்த அந்த முறையில் புதிய ஒப்பந்தங்கள் போடக் கூடாது என்று 1964இல் இத்தாலி அரசு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே மக்கள் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள். சிலர் தூரின், மிலான் நகரத் தொழிற்சாலைகளுக்கு. சிலர் பெல்ஜியம் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு. 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது இறந்தவர்கள் 262 பேர். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். பிழைப்பைத் தேடிப் போனவர்கள் விட்டுச்சென்ற வீடுகள்தாம் இன்று விலைக்கு வருகின்றன. நம் கிராமங்களிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்க்கிறோமே, அவற்றுக்குப் பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கும்.

நான் அந்த ஊருக்குப் போனபோது எதிர்ச் சரிவு வீட்டில் மறுபடியும் ஆள் வந்திருந்தது. ஹாலந்து நாட்டுக் கணவன் மனைவி. ஐம்பதை நெருங்கிய வயது. நகரத்தில் இருந்த அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு, கூரை பாதி விழுந்து, உள்ளே அத்திமரம் முளைத்துக் கிடந்த அந்த இடிபாட்டை வாங்கியிருந்தார்கள். தோட்டம் போட்டார்கள். கோழிகள், இரண்டு ஆடுகள், 40 ஒலிவ மரங்கள். கூரையில் சூரியத் தகடுகள். சமையல் விறகு அடுப்பில். தண்ணீர் சொந்தக் கிணற்றில்.

இத்தாலியில் பாஸ்கா விழாவை ஒட்டிக் குருக்கள் வீடு வீடாகப் போய் மந்திரிப்பது வழக்கம். முதல் ஆண்டு நானும் தீர்த்தச் செம்போடு அந்த வீட்டுக்குப் போனேன். அந்த மனிதர் வாசலிலேயே நின்றார். மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. "நன்றி ஃபாதர். எங்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை" என்றார். அவர் மனைவிதான் உள்ளிருந்து வந்து, காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

காப்பி குடிக்கும்போது கதை வந்தது. அவர் ஒரே நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். ஒருநாள் காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. அன்று மாலை அவருக்கு வேலை இல்லை. உடன் வேலை பார்த்த நண்பர்களில் தொலைபேசியில் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். "அன்றைக்கு முடிவு செய்தேன். இனி என் உணவுக்கும் என் கூரைக்கும் எந்த மனிதனையும் நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.

அவரை நாம் குறை சொல்ல முடியாது. அடிபட்ட மனிதர் அவர். வெளியே பார்த்தால் தன்னிறைவு வாழ்க்கை. உள்ளே பார்த்தால் ஆறாத ஒரு புண்.

வீட்டு வேலையையும் அவரே செய்தார். புத்தகங்களைப் படித்தும் காணொளிகளைப் பார்த்தும் கற்றுக்கொண்டார். ஊரில் ஓய்வு பெற்ற வயதான கொத்தனார் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, அறுபது சென்டிமீட்டர் கனமுள்ள அந்தப் பழைய கற்சுவருக்கு இவர் சிமெண்டுப் பூச்சு பூசுவதைப் பார்த்திருக்கிறார். "ஐயா, சிமெண்டு வேண்டாம், சுண்ணாம்பு பூசுங்கள். இந்தச் சுவர் மூச்சுவிட வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். "எனக்குத் தெரியும்" என்று பதில் வந்ததாம். கொத்தனார் போய்விட்டார்.

கொத்தனார் சொன்னது சரியான பேச்சு. கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர், தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் மெல்ல வெளியேறி உலர்ந்துவிடும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். குளிர்காலத்தில் அது உறைந்து விரிந்து பூச்சைப் பிளக்கும். இரண்டே குளிர்காலத்தில் அவர் பூசிய பூச்சு தட்டுத்தட்டாகப் பெயர்ந்து விழுந்தது. கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழுந்தது.

நேயர்களே, வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வரக் கூடாது என்று நாம் மூடிக்கொள்ளும்போது, உள்ளே இருப்பதும் வெளியே போக வழியில்லாமல் போகிறது. மனிதனுக்கும் இது பொருந்தும்.

இனி ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கோவிலுக்கு அன்றாடம் காலைத் திருப்பலிக்கு வரும் நான்கு பேரில் அவர் ஒருவர். வயது எண்பதைத் தாண்டியவர். கணவர் இல்லை. எதிர்ச் சரிவில் இருக்கும் அந்த வீட்டில்தான் அவர் பிறந்தார், வாரத்துக்கு உழுத ஒரு குடும்பத்தின் ஆறாவது பிள்ளையாக. தன் அப்பா களத்தில் கோதுமையை அளந்து பாதியைப் பண்ணையாரின் வண்டியில் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர். "அந்த வீட்டில் எங்களுக்குச் சொந்தமாக இருந்தது புகை ஒன்றுதான், ஃபாதர்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர்கள் காலிசெய்து போன பிறகு ஐம்பது ஆண்டுகள் அந்தப் புகைபோக்கியில் புகை இல்லை. ஹாலந்துக்காரர்கள் வந்த பின் மறுபடியும் புகை வந்தது. அன்று முதல் ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்ததும் அவர் சன்னலைத் திறந்து, பள்ளத்தாக்குக்கு அப்பால் அந்தப் புகையைப் பார்ப்பாராம். பார்த்துவிட்டு ஒரு அருள்நிறை மரியே சொல்வாராம். அந்த வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. அவர்களிடம் அவர் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

அது அக்டோபர் மாதக் கடைசி. காலை ஏழு மணிக்குப் பங்கு இல்லத் தொலைபேசி அடித்தது. பாட்டி பேசினார். "ஃபாதர், இன்றைக்கு அங்கே புகை வரவில்லை."

"தூங்கிக்கொண்டிருப்பார்கள் பாட்டி" என்றேன்.

"அந்த அம்மா ஊரில் இல்லை. தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போய்ப் பத்து நாளாகிறது. அவர் தனியாக இருக்கிறார். அவர் ஆறு மணிக்கெல்லாம் அடுப்பு மூட்டிவிடுவார்."

எட்டு மணிக்குப் பூசை இருந்தது. பூசை முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் இன்றும் மறக்கவில்லை. "பூசைக்கு வருவதே நாங்கள் நான்கு பேர். அதில் நான் ஒருத்தி. மற்ற மூன்று பேரிடமும் நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அங்கே போங்கள்."

வெட்கத்தோடு சொல்கிறேன். நல்ல சமாரியர் உவமையை நான் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! கோவிலை நினைத்துக்கொண்டு விலகிப் போகும் குரு யார் என்று அன்று காலையில்தான் எனக்குப் புரிந்தது.

கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு காரில் போனேன். அந்த மனிதர் வீட்டின் பின்பக்கம், சாரத்தின் கீழே கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஓடு மாற்றும்போது விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்திருந்தது. கைபேசி சமையலறையில். இரவு முழுவதும் அந்தக் குளிரில் கிடந்திருக்கிறார். உதடெல்லாம் நீலம். கொத்தனார் தன் மேற்சட்டையைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார். ஆம்புலன்சு வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. இன்னும் சில மணி நேரம் தாமதமாகியிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்று மருத்துவர் சொன்னார்.

அடுத்த வாரம் ஒலிவ அறுவடை. காய் முற்றினால் காத்திருக்காது. பறித்த காயை ஓரிரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோய் ஆட்ட வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் கெட்டுவிடும். அவர் கட்டிலில் கிடக்கிறார். மனைவி மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைகிறார். ஊர்க்காரர்கள் யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. தங்கள் மரங்களை முடித்துவிட்டு, வலைகளைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சரிவுக்குப் போனார்கள். மூன்று நாளில் 40 மரங்களையும் பறித்தார்கள். 600 கிலோ காய், 90 கிலோ எண்ணெய். பாட்டியும் வந்தார். அவரால் ஏணியில் ஏற முடியாது. களத்து ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து இலைகளைப் பொறுக்கி எடுத்தார்.

நானும் கொத்தனாரும் முதல் எண்ணெயை ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். அவர் அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் இவர்களுக்கு எதுவும் செய்ததில்லையே. இப்போது கடன்காரனாகிவிட்டேனே" என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தேடிக்கொண்டிருந்தேன். கொத்தனார் முந்திக்கொண்டார். "அடுத்த வருடம் எங்கள் மரங்களுக்கு வாருங்கள். அவ்வளவுதான்."

அன்பார்ந்த நேயர்களே, இப்போது இன்றைய நற்செய்திக்கு வருவோம். இயேசு சொன்ன அறிவற்ற செல்வனின் உவமை. அவனுடைய நிலம் நன்றாக விளைந்தது. அது குற்றமில்லை. அவன் திருடவில்லை, யாரையும் ஏமாற்றினான் என்று இயேசு சொல்லவும் இல்லை. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவதும் ஒரு பாவமல்ல. பின் எங்கே தவறினான்? அவன் யாரோடு பேசுகிறான் என்று கவனித்துப் பாருங்கள். தனக்குள்ளே எண்ணுகிறான். தன் நெஞ்சோடு பேசுகிறான். தன் நெஞ்சையே விருந்துக்கு அழைக்கிறான். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள்கள். அந்த உவமை முழுவதிலும் அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, கூலியாள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. கடவுள் பேசும்போதுதான் வேறு ஒரு குரலே கேட்கிறது. அப்போது இரவாகிவிட்டது. அந்த வீட்டில் காலையில் புகை வந்ததா என்று பார்க்க ஒருவரும் இல்லை.

அப்படியானால் சொந்தக் காலில் நிற்பது தவறா? தவறில்லை. புனித பவுல் கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர். சொந்தக் கையால் உழைத்து, எவரையும் எதிர்பார்க்காமல் வாழுங்கள் என்று தெசலோனிக்க மக்களுக்கு எழுதியவரும் அவரே. உழைக்க முடிந்தவர் உழைக்காமல் பிறர் தலையில் ஏறி உட்காருவதை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. ஆனால் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். எந்த நிலையிலும் மனநிறைவோடிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே அவர் எழுதும் சொல்லுக்குத் தன்னிறைவு என்றே பொருள். அந்த வார்த்தையின் மை காய்வதற்குள், நீங்கள் என் துன்பத்தில் பங்கெடுத்தது நல்லது, நீங்கள் கொடுத்தனுப்பியது வந்து சேர்ந்தது என்று நன்றி சொல்கிறார். தன்னிறைவும் நன்றியும் ஒரே பக்கத்தில்! கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதம் ஒன்பதாம் அதிகாரத்திலும் அதே சொல் வருகிறது. அங்கே, போதுமான அளவு கடவுள் தருவது எதற்காக? நற்செயல்களில் நாம் பெருகுவதற்காக. நமக்குப் போதும் என்பது கதவை மூடுவதற்கல்ல, பிறருக்குக் கொடுப்பதற்கு.

அதே உம்பிரியாவில்தான் நோர்சியா என்ற ஊர் இருக்கிறது. புனித பெனடிக்ட் பிறந்த ஊர். அவர் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்குகளின் 66ஆம் அதிகாரத்தில், தண்ணீர், மாவு அரைக்கும் ஆலை, தோட்டம், கைத்தொழில்கள் எல்லாம் கூடுமானால் மடத்துக்கு உள்ளேயே இருக்கட்டும் என்கிறார். முழுத் தன்னிறைவு! ஆனால் அந்த அதிகாரம் எதைப் பற்றியது தெரியுமா? மடத்து வாயிற்காப்பவரைப் பற்றியது. யாராவது கதவைத் தட்டினால், ஓர் ஏழை குரல் கொடுத்தால், அவர் உடனே கடவுளுக்கு நன்றி சொல்லித் திறக்க வேண்டும். தோட்டத்தையும் கதவையும் பெனடிக்ட் ஒரே அதிகாரத்தில் வைத்தார்.

பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய கடிதமும் இதைத்தான் சொல்கிறது. அந்நிய நாட்டில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனை உண்ணுங்கள் என்று சொல்லி, இரண்டு வசனம் தள்ளி, நீங்கள் இருக்கும் அந்த நகரின் நலனைத் தேடுங்கள், அதற்காக மன்றாடுங்கள் என்கிறார். வெளிநாட்டில் வீடு கட்டும் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் அது எழுதப்பட்ட கடிதம்.

அசிசி நகர் பிரான்சிசும் பாழடைந்த ஒரு கட்டடத்தைப் பழுதுபார்த்தவர்தான். புனித தமியானோ சிற்றாலயம். முதலில் அவர் என்ன செய்தார்? அப்பாவின் துணிகளைக் குதிரையில் ஏற்றி, பொலிஞோ நகரில் துணியையும் குதிரையையும் விற்று, பணத்தை அந்த ஆலயத்தின் ஏழைக் குருவிடம் கொடுத்தார். குரு வாங்க மறுத்துவிட்டார். பிறகு பிரான்சிஸ் அசிசித் தெருக்களில் இறங்கிக் கல் பிச்சை கேட்டார். ஊரார் கொடுத்த கற்களைத் தோளில் சுமந்து வந்து அந்தச் சுவரை எழுப்பினார். பணக்காரத் துணி வணிகரின் மகன் கையேந்தக் கற்றுக்கொண்ட இடம் அது. பிரான்சிஸ் என்ற புனிதர் அங்கேதான் உருவாகத் தொடங்கினார் என்று நான் நினைக்கிறேன்.

கையேந்துவது எனக்கும் கடினம், நேயர்களே. அந்த நாட்டுக்குப் போன புதிதில் மொழி சரியாக வரவில்லை. யாரிடமும் கேட்க மாட்டேன். காய்ச்சல் வந்தபோதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டவர்களிடம், வேண்டாம், எல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டேன். அது அந்த ஹாலந்துக்காரரின் சிமெண்டுப் பூச்சுதான் என்று பிறகு தெரிந்தது.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில். "நாங்கள் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்று சொல்லி, நெஞ்சுவலியைக்கூட மறைக்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போதும் மனைவியிடம் சொல்லாத கணவர்கள் இருக்கிறார்கள். வாங்கிச் சாப்பிடுவதை அவமானம் என்று நினைத்துப் பட்டினி கிடக்கிற கைம்பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். உங்கள் மானம் பெரிது, மதிக்கிறேன். ஆனால் உதவி வாங்குவதால் மானம் குறையாது. சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டவர் நம் ஆண்டவர். பெத்தானியாவில் விருந்துண்டவர் அவர். சிலுவையைச் சுமக்கச் சீமோனின் தோளை ஏற்றுக்கொண்டவரும் அவரே.

கொடுக்கிற நிலையில் இருப்பவர்களிடமும் ஒன்று சொல்கிறேன். உங்கள் தெருவில் தனியாக இருப்பவர் யார்? காலையில் அவர் வீட்டுக் கதவு திறந்ததா, வாசல் தெளித்திருக்கிறதா, பால் பாக்கெட்டு எடுக்காமல் கிடக்கிறதா? பாட்டி செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. சன்னலைத் திறந்து பார்த்தார். வராத புகையைக் கவனித்தார். ஒரு தொலைபேசி செய்தார். நான் தட்டிக்கழித்தபோது விடாமல் பேசினார்.

அந்த வீடு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். அவர் கைத்தடியோடு திரும்பி வந்தார். கொத்தனார் தினமும் காலையில் வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, சிமெண்டை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். அது நிலநடுக்கம் வரும் பகுதி. 1997 செப்டம்பரில் அசிசிப் பேராலயத்தின் கூரை வளைவே இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அதனால் கொத்தனார் இன்னொன்றையும் செய்யச் சொன்னார். எதிரெதிர்ச் சுவர்களை இரும்புக் கம்பியால் குறுக்கே இழுத்துக் கட்டி, வெளியே தகடு வைத்து முறுக்கினார்கள். தனியாக நிற்கும் சுவர் பூமி அசைந்தால் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும், ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட சுவர்கள் தாக்குப்பிடிக்கும் என்பது அந்தப் பகுதிக் கொத்தனார்கள் பழங்காலம் முதல் அறிந்த உண்மை.

அடுத்த பாஸ்காவுக்கு நான் தீர்த்தச் செம்போடு போனபோது அவர் வாசலில் நின்றிருந்தார். இந்த முறை உள்ளே அழைக்க. அவர் கோவிலுக்கு வரத் தொடங்கிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். வரவில்லை. "ஃபாதர், முதலில் அடுப்படியை மந்திரியுங்கள்" என்று மட்டும் கேட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் பாட்டி உட்கார்ந்திருந்தார், தான் பிறந்த வீட்டில்.

சபை உரையாளர் இன்று முதல் வாசகத்தில் ஒரு கேள்வி கேட்கிறார். ஒருவர் உழைத்துச் சேர்த்ததை உழைக்காத இன்னொருவருக்கு விட்டுப் போகிறாரே, இதில் என்ன பயன் என்று. பாட்டியின் குடும்பம் உழைத்தது. விட்டுப் போனது. வேறு யாரோ வந்தார்கள். வெறும் வீண் என்று தோன்றலாம். ஆனால் விட்டுப் போன வீட்டுக்காகவும் அதில் வந்து குடியேறிய அந்நியருக்காகவும் ஒருவர் தினமும் ஒரு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் கடவுள் முன்னிலையில் செல்வம். அது அழியாது.

மன்றாடுவோம். அன்பின் ஆண்டவரே, உழைக்க எங்களுக்குக் கைகளைத் தந்தீர், நன்றி. அந்தக் கைகளை நீட்டிப் பெறவும் எங்களுக்குக் கற்றுத் தாரும். அடிபட்ட நெஞ்சோடு கதவைச் சாத்திக்கொண்டிருப்போரை நினைவுகூரும். அவர்கள் வீட்டுப் புகையைக் கவனிக்கும் கண்களை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும், உங்கள் அக்கம்பக்கத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.